தம்பிக்கு வந்தது டெங்கு இல்லை

செல்வி,

வியாழக்கிழமை நீ போன் பண்ணி, ஐந்தாம் மாத ஸ்கேன் முடிந்தது, பிள்ளை நல்லபடியாக இருக்கிறது என்று சொன்னாய். வளைகாப்புக்கு நாள் பார்க்கச் சொன்னாய். நான் "ரொம்ப சந்தோசம்ட்டி" என்று சொல்லிவிட்டு, பால் பொங்குது என்று போனை வைத்தேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அப்படியே அடுக்களைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். இன்றைக்குத் திங்கள். இத்தனை நாளாக நீ கூப்பிடும்போதெல்லாம் மண்டையிடி, கோயிலுக்குப் போறேன், சார்ஜ் இல்லை என்று ஏதாவது சொல்லித் தட்டிக்கழிக்கிறேன். போனில் பேசினால் மறுபடியும் பொய்தான் சொல்லுவேன். இருபது வருசமாக ஊராருக்குக் கல்யாணம் பேசின வாய், தன்னாலே வழுக்கிக்கொண்டு போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன். கையெழுத்து கோழி கிண்டினது மாதிரி இருக்கும். பொறுமையாக, உட்கார்ந்து படி.

தம்பிக்கு வந்தது டெங்கு இல்லை. இந்த ஒரு வரியைச் சொல்ல எனக்குப் பத்து வருசம் ஆகியிருக்கிறது. என்ன வந்தது என்று எனக்கு அப்போதே தெரியும். டாக்டர் கொடுத்த காகிதம் பீரோவில் என் கல்யாணப் பட்டின் மடிப்புக்குள் இருக்கிறது. நீ அந்தச் சேலையைக் கட்டக் கேட்கும்போதெல்லாம் நான் முந்திப் போய்க் காகிதத்தை உருவி அரிசி டப்பாவுக்குள் போட்டிருக்கிறேன். அந்த வியாதி தம்பியோடு போய்விடவில்லை. அது என் ரத்தத்தில் இருக்கிறது. உன் ரத்தத்தில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. இருந்து, உன் வயிற்றில் இருப்பது ஆண் பிள்ளையாகவும் இருந்தால், அதற்கும் வரலாம். இதைத்தான் உன்னிடம் மறைத்தேன். இனி நடந்ததைச் சொல்கிறேன்.

உனக்கு இரண்டு தாய்மாமன்கள் இருந்திருக்க வேண்டும். பெரியவன் நாலு வயதில் போனான், சின்னவன் பதினோரு வயதில். இரண்டு பேரும் சாரல் காலத்தில்தான் போனார்கள். குற்றாலத்தில் குளித்துவிட்டு வந்தார்கள், சில நாளில் காய்ச்சல் வந்தது, கழுத்தில் நெறி கட்டியது, கண் மஞ்சளாகிப் போனது, வயிறு வீங்கியது. பத்துப் பதினைந்து நாளில் முடிந்துவிட்டது. இரண்டாவது சாவுக்குப் பிறகு என் அப்பா வாசலில் நின்று தெருவே கேட்கச் சத்தம் போட்டார். "இனிமே இந்த வீட்டு ஆம்பளப் பிள்ள எவனும் அருவியில தலய நீட்டக் கூடாது. மீறுனா நான் மனுசனா இருக்க மாட்டேன்." பெண் பிள்ளைகள் நாங்கள் மூன்று பேர் அதே தண்ணீரில்தான் குளித்தோம், ஒரு தும்மல்கூட வரவில்லை. அதனால் ஆண் பிள்ளைகளுக்கு அந்தத் தண்ணீர் ஆகாது என்று முடிவாகிவிட்டது. கிறுக்குத்தனம் என்று நீ சிரிக்கலாம். இரண்டு பிள்ளைகளைத் தூக்கிக் கொடுத்த வீட்டில் அன்றைக்கு யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

நீ பிறந்து பன்னிரண்டு வருசம் கழித்துக் குமார் பிறந்தான். தென்காசியில் குடியிருந்துகொண்டு, நிமிசத்துக்கு ஒரு பஸ் குற்றாலத்துக்குப் போகிற ஊரில், ஆறு வயது வரைக்கும் அருவித் தண்ணீர் தலையில் படாமல் வளர்ந்த பிள்ளை அவன் ஒருவனாகத்தான் இருப்பான். ஐந்தருவிக்குப் போனால் நீ பெண்கள் பக்கம் போவாய், அப்பா ஆண்கள் பக்கம் போவார், நான் அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டு பழக்கடைகள் பக்கம் நிற்பேன். "எம்மா, அக்கா மட்டும் குளிக்கா, நான் ஏன் குளிக்கக் கூடாது?" என்று காலை உதைப்பான். "ஏலே, உனக்கு அது ஆகாதுலே." "மேல சாரல் படுதே, அது மட்டும் ஆகுமா?" என்பான். வாய் அப்படியே என்னை உரித்து வைத்தது. அவன் வாயை அடைக்க ரம்புத்தான் பழம் வாங்குவேன். தோலைப் பல்லால் கடித்து, உள்ளே இருக்கிற பழத்தை என் வாயில் வைத்து உருட்டி, கொட்டையிலிருந்து சதையைப் பிரித்து, அதை எடுத்து அவன் வாயில் வைப்பேன். கொட்டையோடு கொடுத்தால் தொண்டையில் சிக்கிக்கொள்ளும் என்று எனக்குப் பயம்.

பழம் மட்டும் இல்லை. முறுக்கைக் கடித்து நொறுக்கிக் கொடுத்தேன். சூடான சோற்றை என் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு அதே உருண்டையை ஊட்டினேன். நம் வீட்டில் எச்சில் எவ்வளவு பார்ப்போம் என்று உனக்குத் தெரியும். தம்ளரில் வாய் வைத்துக் குடித்தால் உன்னைத் தொடையில் கிள்ளியிருக்கிறேன். அவன் விசயத்தில் மட்டும் நான் எச்சில் பார்த்ததே இல்லை. பன்னிரண்டு வருசம் கழித்து வந்த பிள்ளை, எச்சில் என்ன எச்சில் என்று இருந்துவிட்டேன். அருவிக்குத்தான் பயந்தேன்.

நீ சென்னைக்குப் படிக்கப் போன வருசம் காய்ச்சல் வந்தது. முதலில் சாதாரணக் காய்ச்சல் என்று பக்கத்துத் தெரு டாக்டரிடம் காட்டினோம். கழுத்தில் நெறி கட்டியதைத் தடவிப் பார்த்தேன். அதே நெறியை நான் என் தம்பி கழுத்திலும் தடவிப் பார்த்திருக்கிறேன். அப்புறம் கண் மஞ்சளாகியது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தேன், இலத்தூரில் ஒருவரிடம் மந்திரித்தோம். திருநெல்வேலிக்குக் கொண்டுபோனோம், அங்கிருந்து மதுரைக்கு அனுப்பிவிட்டார்கள். மதுரையில் ஒரு பெண் டாக்டர், உன்னைவிடப் பத்து வயதுதான் மூத்தவள் மாதிரி இருந்தாள், நாங்கள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, உங்கள் பிறந்த வீட்டில் வேறு ஆண் பிள்ளைகள் இப்படி இறந்திருக்கிறார்களா என்று என்னைக் கேட்டாள். உலகத்தில் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவள்தான். ஆமா என்றேன். அவள் முகம் மாறியது. அவனிடமிருந்தும் என்னிடமிருந்தும் ரத்தம் எடுத்து எங்கேயோ வெளியூருக்கு அனுப்பினாள். மருந்தெல்லாம் கொடுத்துப் பார்த்தாள். பதினோராவது நாள் குமார் போய்விட்டான். பரிசோதனைக் காகிதம் வந்தது அதற்கு இரண்டு மாதம் கழித்துத்தான்.

காகிதத்தை வாங்க நானும் அப்பாவும் மதுரைக்குப் போனோம். உன்னிடம் ஒரு வரன் விசயம் என்று சொன்னேன். அந்த டாக்டர் எங்களை உட்காரவைத்து, "நீங்க என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டாள். "கல்யாணம் பேசி முடிப்பேன்" என்றேன். "அப்ப உங்களுக்குப் புரியும்" என்று சொல்லி, காகிதத்தில் ஒரு வட்டம் போட்டாள். இது வெள்ளையணு என்றாள். அதன் மேல்தோலில் ஒரு ஆள் நிற்கிறான், வெளியே எந்தச் செல்லுக்குள் கிருமி புகுந்திருக்கிறது என்று தொட்டுப் பார்ப்பது அவன் வேலை. உள்ளே இன்னொரு ஆள் இருக்கிறான், அடி, கொல்லு என்று வேலையைத் தொடங்கிவைக்கிறவன். இரண்டு பேருக்கும் நேரடிப் பழக்கம் கிடையாது. நடுவில் ஒரு சின்னப் புரதம் இருக்கிறது, அதற்கு அடாப்டர் புரதம் என்று பெயர். தானாக அது ஒரு வேலையும் செய்யாது. ஒரு கையால் இவனைப் பிடிக்கும், மறு கையால் அவனைப் பிடிக்கும், இரண்டு பேரையும் சேர்த்து வைக்கும். சேர்த்து வைத்தால்தான் சேதி உள்ளே போகும். "உங்க பையனுக்கு அந்த நடு ஆள் பிறவியிலேயே இல்லம்மா" என்றாள். "அதுக்கு இங்கிலீஷ்ல மூணெழுத்துல சாப்னு பேரு."

எனக்குப் புரிந்துவிட்டது செல்வி. நான் படித்தது எட்டாம் வகுப்பு, ஆனால் நடுவில் நிற்கிற ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பிறகு அவள் அந்தக் கிருமியைப் பற்றிச் சொன்னாள். அது அருவியில் இல்லை. அது மனுசர் எச்சிலில் இருக்கிறது. அநேகமாக எல்லோருக்கும் சின்ன வயதிலேயே வந்து, சளி காய்ச்சலோடு அடங்கி, சாகிற வரைக்கும் உடம்பில் பேசாமல் கிடக்கும். அந்தப் புரதம் இல்லாத பிள்ளைகளுக்கு மட்டும் அது எமன். வெள்ளையணுக்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பி வரும், ஆனால் எதைக் கொல்ல வேண்டுமோ அதைக் கொல்லத் தெரியாது. போதும், கலைந்து போ என்ற சேதியும் போகாது. அந்தக் கூட்டமே ஈரலையும் ரத்தத்தையும் அழித்துவிடும். பெண்களுக்கு அந்தப் புரதத்தைச் செய்கிற மரபணு இரண்டு இருக்கிறது, ஒன்று கெட்டாலும் மற்றது தாங்கிக்கொள்ளும். ஆண்களுக்கு ஒன்றே ஒன்றுதான். கெட்டதைக் கொடுத்தது என் அம்மா எனக்கு, நான் குமாருக்கு.

"யாரு எச்சில்லருந்து வந்துச்சு?" என்று நான் கேட்டேன். "அப்படி யாராலயும் சொல்ல முடியாதும்மா. என் எச்சில்லயும் இருக்கும், ஸ்கூல்ல பக்கத்துல உக்காந்த பையன்ட்டயும் இருக்கும். எப்படியும் வந்திருக்கும்" என்றாள். நல்ல பெண், ஆறுதலாகத்தான் சொன்னாள். ஆனால் ரம்புத்தான் சதையைப் பிரித்து ஊட்டியது ஸ்கூல் பையன் இல்லையே, நான்தானே. இன்றுவரைக்கும் அந்தப் பழம் தள்ளுவண்டியில் வந்தால் நான் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவேன்.

எழுந்திருக்கும்போது அவள் சொன்னாள், "உங்க மகளுக்கும் டெஸ்ட் பண்ணணும். கூட்டிட்டு வாங்க." சரி என்றேன். வரும் வழியில் பஸ்ஸில் அப்பாவிடம், "செல்விக்கு ஒண்ணும் தெரிய வேண்டாம்" என்றேன். ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு மூன்று தடவை போன் வந்தது. எடுக்கவில்லை. அப்புறம் நம்பரையே மாற்றினேன். உன்னிடம் பழைய சிம் கெட்டுப்போய்விட்டது என்றேன். ஊரில் எல்லோரிடமும் டெங்கு என்று சொல்லிவிட்டேன். அந்தச் சமயம் ஊரெல்லாம் டெங்குப் பேச்சாக இருந்தது, நம்பிவிட்டார்கள். டெங்கு யார் வீட்டுக்கும் வரும். தம்பி டெங்கில் செத்தான் என்பதற்காக அக்காவை யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

இதை எழுதும்போது எனக்கு இன்னொருத்தி ஞாபகம் வருகிறது. உனக்கு மாப்பிள்ளை பார்ப்பதற்கு ஒரு வருசம் முந்தி, ஆலங்குளத்தில் ஒரு பெண்ணுக்கு வரன் கூடி, பூ வைக்கிற வரைக்கும் வந்துவிட்டது. அந்தப் பெண்ணின் அண்ணனுக்கு வலிப்பு உண்டு, மாத்திரை சாப்பிடுகிறான் என்று எனக்குத் தெரியவந்தது. நேராக மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். கல்யாணம் நின்றுவிட்டது. அந்தப் பெண்ணின் அம்மா நம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டாள். "எம் பிள்ள வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டியே, நீ நல்லா இருப்பியா?" என்று கேட்டாள். நான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "உள்ளதச் சொன்னேன். இல்லாததச் சொல்லலியே. நாளைக்கு அவ பெத்துப்போட்டு அழும்போது யாரு பதில் சொல்லுவா?" என்று கேட்டேன். அவள் படியிறங்கிப் போய்விட்டாள். உள்ளே பீரோவில் அந்தக் காகிதம் இருந்தது செல்வி. அதை வைத்துக்கொண்டுதான் அவளிடம் அப்படிப் பேசினேன். எனக்குக் கூசவே இல்லை.

அடுத்த வருசம் சுந்தரபாண்டியபுரத்திலிருந்து உன்னைப் பெண் பார்க்க வந்தார்கள். நல்ல பையன், பெங்களூரில் வேலை, உன் மாமியார், அந்த மதினியும் வெள்ளை மனசுக்காரி. காப்பி குடிக்கும்போது அவள் குமார் படத்தைப் பார்த்துவிட்டு, "தம்பிக்கு என்ன ஆச்சு மதினி?" என்று கேட்டாள். அப்பா தம்ளரைக் கீழே வைத்துவிட்டு வாயைத் திறந்தார். நான் அவர் காலை மிதித்தேன். "டெங்கு மதினி, நாலே நாள்தான்" என்று சொல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்தேன். அழுகை பொய் இல்லை, சொன்னதுதான் பொய். அவர்கள் போன பிறகு அப்பா அடுக்களைக்கு வந்து, "ஏளா, ஒரு வார்த்த சொல்லிருவோமா? நாளப்பின்ன தெரிஞ்சா பிள்ளைக்குல்லா கஷ்டம்" என்றார். "வாய மூடுங்க. உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. எனக்கு இந்தத் தொழில் தெரியும்" என்று அடக்கிவிட்டேன். ஆலங்குளம் பஸ்ஸில் முப்பது வருசம் டிக்கெட் கிழித்த மனுசன், யாரிடமும் எதிர்த்துப் பேசத் தெரியாதவர். அவர் சொன்னதைக் கேட்டிருக்கலாம்.

உனக்கு வியாதி இருக்கிறதா என்றுகூட எனக்குத் தெரியாது, தெரியாததை எப்படிச் சொல்ல என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். தெரிந்துகொள்ள விடாமல் வைத்ததே நான்தான் என்பதை நினைத்துப் பார்க்கவில்லை. கல்யாணம் ஆகி மூன்று வருசம் உனக்குப் பிள்ளை இல்லை. ஊரெல்லாம் உனக்காக வேண்டியது. நான் மட்டும், கடவுளே, இவளுக்குப் பிள்ளை வேண்டாம் என்று வேண்டியிருக்கிறேன். எந்தத் தாயாவது அப்படி வேண்டுவாளா? உன்னை உட்காரவைத்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்படி வேண்டவேண்டியதே இல்லை. அந்த மூன்று வருசத்தில் எல்லாச் சோதனையும் சாவகாசமாகச் செய்திருக்கலாம்.

சனிக்கிழமை அந்த மதுரை டாக்டருக்குப் போன் போட்டேன். காகிதத்தில் நம்பர் இருந்தது. ஊர் பேரைச் சொன்னதுமே, "கல்யாணம் பேசுறவங்கதானே?" என்று கேட்டுவிட்டாள். "பத்து வருஷமா ஏன் வரல?" என்றாள். பயம் என்றேன். அவள் திட்டவும் இல்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. சொன்னது இதுதான், கவனமாகப் படி. முதலில் உன் ரத்தத்தைச் சோதிக்க வேண்டும். உன்னிடம் இல்லை என்றால் இந்தக் கவலை உன்னோடு முடிந்தது, நீ என்னைத் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். இருந்தால், உன்னைப் பார்க்கிற டாக்டர் மரபணு டாக்டரிடம் அனுப்புவார், வயிற்றில் இருக்கும்போது என்ன பார்க்கலாம், பார்க்க வேண்டுமா என்பதை நீயும் மாப்பிள்ளையும் அவர்களோடு பேசி முடிவு செய்ய வேண்டும். ஆண் பிள்ளை பிறந்தால், பிறந்த உடனே தொப்புள்கொடி ரத்தத்திலேயே சோதிக்கலாம். அந்தக் கிருமி அவனைத் தேடி வருவதற்கு முன்னால், பொருத்தமான வேறு ஒருவரின் எலும்பு மஜ்ஜையை அவனுக்கு வைக்க முடியும். அது லேசான காரியம் இல்லை, எல்லாருக்கும் கூடிவரும் என்று அவள் சத்தியம் பண்ணவில்லை. ஆனால் பிழைத்து வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்களாம். "முன்னாடியே தெரிஞ்சாத்தாம்மா. காய்ச்சல் வந்தப்புறம் வந்தா, உங்க பையனுக்கு நடந்ததுதான்" என்றாள்.

இந்தக் கடிதத்தையும் அந்தக் காகிதத்தையும் அப்பா கையில் கொடுத்து நாளைக்கு ரயிலில் அனுப்புகிறேன். தபாலில் போட்டால் நீ தனியாக உட்கார்ந்து படிப்பாய் என்று பயமாக இருக்கிறது. அவர்மேல் கோபப்படாதே. நான் வரவில்லை. வந்தால் ஒப்பாரி வைத்து, கடைசியில் நீ எனக்கு ஆறுதல் சொல்லும்படி ஆக்கிவிடுவேன், என் குணம் எனக்குத் தெரியாதா. மாப்பிள்ளையிடம் நீ சொல்லு, உன் வாயால் சொல்லு, இன்றைக்கே சொல்லு. உனக்கு ஒன்றும் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்லு, அதற்கு இந்தக் கடிதமே சாட்சி. சுந்தரபாண்டியபுரத்து மதினி என்னை எதால் அடித்தாலும் வாசலில் நின்று வாங்கிக்கொள்கிறேன். உன்னை ஏதாவது சொன்னால் மட்டும், அது பெற்றவள் செய்த வேலை என்று சொல்லிவிடு.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை எழுதாமல் கவரை ஒட்டிவிடலாம் என்று இரண்டு தடவை பசையை எடுத்துவிட்டேன். தம்பி செத்த அன்றைக்கு நீ சென்னையிலிருந்து ஓடிவந்து, "ஏம்மா முன்னாலயே கூப்பிடல?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாய். திடீரென்று ஆகிவிட்டது என்று சொன்னேன். திடீரென்று ஆகவில்லை. கடைசி மூன்று நாளும் அவன் உன்னைத்தான் கேட்டான். "அக்கா எப்பம்மா வருவா, அக்காவுக்குப் போன் போடும்மா" என்று கேட்டுக்கொண்டே கிடந்தான். போட்டாச்சு, பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். போன் போடவே இல்லை. அதற்கு முந்தின நாள்தான் அந்த டாக்டர், உங்கள் மகளை வரச்சொல்லுங்கள், அவள் ரத்தத்தையும் எடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தாள். நீ வந்தால் எடுத்துவிடுவார்கள். எடுத்தால் தெரிந்துவிடும், தெரிந்தால் உன்னை யார் கட்டுவார்கள் என்று, சாகிற பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கதவைப் பார்த்துக்கொண்டேதான் போனான்.

இதற்கு மேல் மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. நீ என்னோடு பேச வேண்டாம், நான் சாகும்வரை பேசாவிட்டாலும் சரி என்றே சொல்லுவேன். அன்றைக்கு உன் ரத்தத்தை எடுக்கவிடாமல் தடுத்தவள் நான். இன்றைக்கு நானே கேட்கிறேன். கொடுத்துவிடு தாயி.

அம்மா